ஜெனரேட்டர் புகையைத் திருத்தும் வினையூக்கிகள்

ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டு, மின்சாரம் தயாரிக்கவோ பம்பு, கம்ப்ரசர் போன்றவற்றை இயக்கவோ பயன்படும் உள்ளெரி என்ஜின்கள் நிலை என்ஜின்கள் எனப்படும். மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கும் டீசல் ஜெனரேட்டர், மின்வெட்டின்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் லிப்டை ஓட்டும் ஜென்செட், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் உயிரிவாயுவை எரித்து மின்சாரம் தரும் என்ஜின், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் குழாய்ப்பாதையில் இயற்கை எரிவாயுவை அழுத்தித் தள்ளும் என்ஜின் ஆகிய எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

கார், லாரிப் புகை பேசப்படும் அளவுக்கு இவற்றின் புகை பேசப்படுவதில்லை. ஆனால் லாரி கடந்து போய்விடும். ஜெனரேட்டர் நின்ற இடத்திலேயே நின்று, அதே தெருவுக்கும் அதே ஜன்னல்களுக்கும் மணிக்கணக்கில் புகை அனுப்பும். 2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் திருப்பூர், கோவைத் தொழிற்கூடங்கள் பல டீசல் ஜெனரேட்டரை நம்பியே ஓடின. அந்தப் புகையை மூச்சில் வாங்கியவர்களில் பலர் அந்த மின்சாரத்தைப் பயன்படுத்தியவர்கள் அல்லர்.

இதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட தீர்வு உயரமான புகைபோக்கிதான். ஜெனரேட்டரின் கே.வி.ஏ. திறனுக்கு வர்க்கமூலம் கண்டு, அதை 0.2-ஆல் பெருக்க வேண்டும். கிடைக்கும் எண் எத்தனையோ அத்தனை மீட்டர், கட்டடத்தைவிட உயரமாகப் புகைபோக்கி இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த கணக்கு. 100 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு 2 மீட்டர், 400 கே.வி.ஏ.-வுக்கு 4 மீட்டர். உயரமான குழாய் புகையைப் பரவவிடும். அதன் அளவைக் குறைக்காது. குறைக்கும் வேலைக்கு வந்தவை வினையூக்கிகள். எந்த என்ஜினுக்கு எந்த வினையூக்கி பொருந்தும் என்பதை ஒரே கேள்வி தீர்மானிக்கிறது: எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா, இல்லையா?

புகையில் இருப்பவை

எரிபொருள் முழுமையாக எரிந்தால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான். என்ஜினுக்குள் எரிதல் நடக்கக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு. எரிபொருளும் காற்றும் எல்லா இடத்திலும் சரியாகக் கலப்பதும் இல்லை. அதனால் நான்கு வகை மாசுகள் உண்டாகின்றன.

முதலாவது கார்பன் மோனாக்சைடு. எரியும் இடத்தில் ஆக்சிஜன் போதாமல் போனால் பாதி எரிந்த நிலையில் நின்றுவிடும் வாயு இது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதால், மூடிய அறையில் ஓடும் ஜெனரேட்டர் உயிரைப் பறிக்கிறது. இரண்டாவது எரியாத, அரைகுறையாக எரிந்த ஹைட்ரோகார்பன்கள். எரிவாயு என்ஜின்களில் இவற்றோடு ஃபார்மால்டிஹைடும் வெளிவரும். இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. மூன்றாவது கரித்துகள்கள். டீசல் துளியின் நடுப்பகுதி காற்று கிடைக்காமல் வெந்து கரியாகும்போது இவை உருவாகின்றன. டீசல் புகை முழுவதையுமே அதே முகமை 2012-இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

நான்காவதான நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கும் விதம் வேறு. மற்ற மூன்றும் அரைகுறை எரிதலின் விளைவு. இது எரிதல் நன்றாக நடப்பதன் விளைவு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரண வெப்பநிலையில் அது எதனோடும் சேராது. சுடர் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அதன் மூலக்கூறு உடைந்து ஆக்சிஜனோடு சேரத் தொடங்குகிறது. வெப்பம் ஏற ஏற இந்த வேகம் செங்குத்தாக உயர்கிறது. இந்த வழிமுறையை 1940-களில் விளக்கியவர் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் செல்டோவிச். காற்றில் கலந்த நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலை எரிச்சலூட்டுகின்றன. வெயிலில் ஹைட்ரோகார்பன்களோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன.

என்ஜின் வடிவமைப்பாளரின் சங்கடம் இங்கேதான். எரிதலைச் சூடாகவும் முழுமையாகவும் ஆக்கினால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். சூட்டைத் தணித்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரியும் எரிபொருள் செலவும் ஏறும். எரியறைக்குள் செய்யும் திருத்தங்களால் இரண்டையும் ஓர் எல்லைவரைதான் குறைக்க முடியும். மீதியை எரியறைக்கு வெளியே, புகைக்குழாயில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலோகப் பரப்பில் நடப்பது

கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆவதற்கு விருப்பமுள்ள வாயுதான். ஆனால் வெறும் குழாயில் அந்த வினை தொடங்க 600, 700 டிகிரி வெப்பம் வேண்டும். பிளாட்டினத்தின் பரப்பில் ஆக்சிஜன் மூலக்கூறு ஒட்டியதும் இரண்டு அணுக்களாகப் பிரிந்துவிடுகிறது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு அந்த அணுவை எளிதாக எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. உலோகம் செலவாவதில்லை, அடுத்த மூலக்கூறுக்கு இடம் தருகிறது. 250 டிகிரி அளவிலேயே வினை நடந்துவிடுகிறது. சூடான பிளாட்டினக் கம்பி, எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் சுடரே இல்லாமல் தணலாக ஒளிர்வதை ஹம்ப்ரி டேவி 1817-இலேயே கண்டார். இன்றைய புகைக்குழாய்ப் பெட்டியில் நடப்பதும் அடிப்படையில் அதே நிகழ்வுதான்.

இதை என்ஜின் புகைக்குப் பயன்படுத்த முனைந்த முன்னோடி யூஜின் ஹூத்ரி. கச்சா எண்ணெயை வினையூக்கியால் உடைத்துப் பெட்ரோலாக்கும் முறையை 1930-களில் தொழிலளவில் நிலைநாட்டிய பிரெஞ்சுப் பொறியாளர் அவர். அமெரிக்காவில் குடியேறிய பின், 1950-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்தைப் பற்றிய ஆய்வுகளைப் பார்த்து, தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கும் கிடங்குகளில் ஓடும் சரக்குத் தூக்கி வண்டிகளுக்கும் வினையூக்கிகளை உருவாக்கினார். சாலை வாகனங்களில் அவை பலிக்கவில்லை. அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகுதான், 1975 முதல், அமெரிக்கக் கார்களில் வினையூக்கிகள் பரவலாயின. இந்தியாவில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புதிய கார்களில் 1995-இல் வந்தன. எரிபொருள் சுத்தமாகாமல் புகை சுத்தமாகாது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது. நிலை என்ஜின்களுக்கும் அது பொருந்தும்.

வினையூக்கிப் பெட்டியின் உடல் தேன்கூடு வடிவிலான ஒரு கட்டி. கார்டியரைட் என்ற பீங்கானிலோ மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலோ செய்யப்படும் இதில், புகை நேராகப் பாய்ந்து செல்லும் குறுகிய கால்வாய்கள் இருக்கும். நிலை என்ஜின்களுக்கு ஒரு சதுர அங்குலத்தில் 200 முதல் 300 கால்வாய்கள் வழக்கம். கால்வாய்களின் உட்சுவரில் நுண்துளைகள் நிறைந்த அலுமினியம் ஆக்சைடு பூசப்படுகிறது. இந்தப் பூச்சில் ஒரு கிராமுக்கு 100 சதுர மீட்டருக்கும் மேலான பரப்பு உண்டு. அந்தப் பரப்பில், மீட்டரில் நூறு கோடியில் சில பங்கு அளவுள்ள துணுக்குகளாகப் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் தூவப்பட்டிருக்கும். விலையுயர்ந்த உலோகம் கொஞ்சமாகவும், வினை நடக்கும் பரப்பு மிகுதியாகவும் இருப்பதற்கான ஏற்பாடு இது.

கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் ஒழிக்க ஆக்சிஜனைச் சேர்க்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடை ஒழிக்க ஆக்சிஜனைப் பிரிக்க வேண்டும். பின்னதுதான் கடினம். நைட்ரஜன் ஆக்சைடுகளில் முதன்மையான நைட்ரிக் ஆக்சைடு தானே நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவது ஆற்றல் கணக்குப்படி சாத்தியமே. ஆனால் உலோகப் பரப்பில் பிரிந்த ஆக்சிஜன் அணு அங்கேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த மூலக்கூறுக்கு இடம் விடாது. அந்த ஆக்சிஜனை எடுத்துச் செல்ல இன்னொரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வினையூக்கி முறைகள் வேறுபடுகின்றன.

ஆக்சிஜன் மிஞ்சாத என்ஜின்

ஒரு கிலோ மீத்தேன் முழுதாக எரிய ஏறத்தாழ 17 கிலோ காற்று வேண்டும். சரியாக இந்த விகிதத்தில், அல்லது எரிபொருள் ஓர் இம்மி கூடுதலாக இருக்கும்படி ஓடும் எரிவாயு என்ஜின்களைச் செறிவெரி என்ஜின்கள் எனலாம். இவற்றின் புகையில் ஆக்சிஜன் அரை சதவீதத்துக்கும் கீழே. ஆக்சிஜன் கிடைக்காமல் நிற்கும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், உலோகப் பரப்பில் நைட்ரிக் ஆக்சைடிடமிருந்தே அதைப் பறித்துக்கொள்கின்றன. ஒரு மாசு இன்னொரு மாசைத் தீர்க்கிறது. மூன்றும் ஒரே பெட்டியில் முடிகின்றன. கார்களில் மும்முனை வினையூக்கி என அறியப்படுவதும் இதே முறைதான். நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கும் பங்கு பெரும்பாலும் ரோடியத்துடையது.

நன்றாகப் பராமரிக்கப்படும் செறிவெரி என்ஜினில் நைட்ரஜன் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் 90 சதவீதத்துக்கு மேல் குறையும். வெளியிலிருந்து எந்த வேதிப்பொருளும் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் காற்று, எரிபொருள் விகிதம் ஒரு குறுகிய இடைவெளிக்குள் நின்றாக வேண்டும். சற்றே காற்று கூடினால் கார்பன் மோனாக்சைடு எளிதாகக் கிடைக்கும் ஆக்சிஜனோடு போய்விடும். நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியேறும். எரிபொருள் கூடினால் கார்பன் மோனாக்சைடு மிஞ்சும். நைட்ரஜன் ஆக்சைடு அளவுக்கு மீறி ஒடுங்கி அம்மோனியாவாக மாறவும் கூடும். அதனால் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி ஒன்று பொருத்தப்பட்டு, அது தரும் அளவீட்டைக் கொண்டு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி விகிதத்தை இடைவிடாமல் திருத்துகிறது. இந்த உணரி பழுதானால் பெட்டி புதிதாக இருந்தும் பயனில்லை. அமெரிக்க எண்ணெய், எரிவாயு வயல்களில் உள்ள சிறு, நடுத்தரக் கம்ப்ரசர் என்ஜின்களில் இந்த முறை பரவலாக உள்ளது.

ஆக்சிஜன் மிஞ்சும் என்ஜின்

எரிபொருளைச் சிக்கனப்படுத்த விரும்பினால் காற்றை மிகுதியாக விட வேண்டும். பெரிய எரிவாயு என்ஜின்கள் பலவும், எல்லா டீசல் என்ஜின்களும் இப்படி ஓடுபவை. கூடுதல் காற்று சுடரின் சூட்டைத் தணிப்பதால் எரிவாயு என்ஜினில் நைட்ரஜன் ஆக்சைடு பிறப்பதே குறைகிறது, திறனும் உயர்கிறது. ஆனால் புகையில் ஆக்சிஜன் தாராளமாக மிஞ்சியிருப்பதால் மும்முனை வினையூக்கிக்கு இங்கே வேலையில்லை. கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைத்தான் தேடிப் போகும். நைட்ரிக் ஆக்சைடைத் திரும்பிப் பார்க்காது.

எனவே இத்தகைய என்ஜின்களில் முதலில் பொருத்தப்படுவது எளிய ஆக்சிஜனேற்ற வினையூக்கி. பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய தேன்கூடு, மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டே கார்பன் மோனாக்சைடையும் ஃபார்மால்டிஹைடையும் பெரும்பாலான ஹைட்ரோகார்பன்களையும் எரித்துவிடும். இதில் நகரும் உறுப்போ கட்டுப்பாட்டுக் கருவியோ கிடையாது. உயிரிவாயு தயாரிக்கும் நிலையங்கள் 9,000-க்கும் மேல் உள்ள ஜெர்மனியில் ஃபார்மால்டிஹைடு ஒரு பெரிய விவாதப் பொருளாக இருந்தது. அங்கே 2009-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், ஃபார்மால்டிஹைடு வரம்பைக் கடைப்பிடித்த உயிரிவாயு நிலையங்களுக்கு யூனிட்டுக்கு 1 சென்ட் கூடுதல் விலை கொடுத்து ஊக்குவித்தது.

இந்த வினையூக்கியிடம் பணியாத வாயு மீத்தேன். அதன் கார்பன், ஹைட்ரஜன் பிணைப்பு உறுதியானது. அதை உடைக்கப் பல்லேடியத்துக்குக்கூட 400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். புகையிலுள்ள நீராவியும் சிறிதளவு கந்தகமுமே அதன் வேகத்தைத் தடுத்துவிடும். எரிவாயு என்ஜினின் எரியறையில் எரியாமல் நழுவும் மீத்தேன் அதனால் பெரும்பாலும் அப்படியே காற்றில் கலக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. இந்தத் துறையில் இன்னும் முழுதாகத் தீராத சிக்கல் இதுவே.

யூரியாவின் வேலை

ஆக்சிஜன் மிகுந்த புகையில் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் தேடிப் பிடிக்கும் பொருள் ஒன்று தேவை. அம்மோனியா அப்படிப்பட்டது. சரியான வினையூக்கியின் மேல் அம்மோனியா, சூழ்ந்திருக்கும் ஆக்சிஜனோடு எரிந்துவிடாமல் நைட்ரிக் ஆக்சைடைத் தெரிந்தெடுத்து வினைபுரிகிறது. விளைவு நைட்ரஜனும் நீராவியும் மட்டுமே. இதற்குத் தெரிவுசார் வினையூக்க ஒடுக்கம் என்று பெயர்; தொழிலாளரும் பொறியாளரும் எஸ்.சி.ஆர். என்றே சொல்வார்கள். அமெரிக்காவில் 1957-இல் காப்புரிமை பெற்ற இந்த முறையை 1970-களில் ஜப்பான் மின்நிலையங்களுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தது. பிளாட்டினத்துக்குப் பதிலாக டைட்டானியம் ஆக்சைடின் மேல் வனேடியம் ஆக்சைடைப் பூசியது அங்கே நிகழ்ந்த முக்கிய முன்னேற்றம். வனேடியம் மலிவானது, கந்தகத்தையும் தாங்கும்.

அம்மோனியா நச்சு வாயு. அதைச் சிலிண்டரில் வைத்துக் கையாளுவது ஆபத்து என்பதால், பெரும்பாலான என்ஜின்களில் யூரியாக் கரைசல் பயன்படுகிறது. கரைசல் சூடான புகையில் தூவப்பட்டதும் நீர் ஆவியாகி, யூரியா உடைந்து அம்மோனியா பிறக்கிறது. டீசல் ஜென்செட்டுகளுக்கும் லாரிகளுக்கும் பயன்படும் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா. அந்தச் செறிவில்தான் கரைசலின் உறைநிலை மிகத் தாழ்ந்து, சுழியத்துக்குக் கீழ் 11 டிகிரியில் நிற்கிறது. பெரிய நிலை என்ஜின்களில் 40 சதவீதக் கரைசலும் உண்டு. வேதிக் கணக்குப்படி ஒரு கிலோ நைட்ரஜன் ஆக்சைடை ஒழிக்க 32.5 சதவீதக் கரைசல் ஏறத்தாழ 2 கிலோ வேண்டும்.

உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதாதா என்ற எண்ணம் சிலருக்கு வருவதுண்டு. அது பெட்டியைக் கெடுக்கும். இந்தியாவில் விற்கப்படும் விவசாய யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அதில் பையூரெட் முதலிய கலப்புகளும் உலோக உப்புகளும் இருக்கும். அவை தூவுமுனையை அடைப்பதோடு வினையூக்கியின் பரப்பிலும் படிந்துவிடும். எஸ்.சி.ஆர். கரைசலுக்கெனத் தனிச் சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டிருப்பது அதனால்தான்.

தூவும் அளவிலும் கவனம் வேண்டும். குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு மிஞ்சும். கூடினால் அம்மோனியாவே புகைபோக்கி வழியாக வெளியேறும். இந்த நழுவலைப் பிடிக்க, எஸ்.சி.ஆர். பெட்டிக்குப் பின்னால் சிறிய ஆக்சிஜனேற்ற வினையூக்கி ஒன்று வைப்பது வழக்கம். வெப்பநிலையும் முக்கியம். வனேடிய வினையூக்கிக்கு ஏற்றது 300 முதல் 400 டிகிரி வரை. செம்பு ஏற்றிய ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் 200 டிகிரியை ஒட்டியே வேலை தொடங்கும். இரும்பு ஏற்றிய ஜியோலைட் அதிக வெப்பத்தில் சிறக்கும். புகை போதிய சூடில்லாதபோது யூரியாவைத் தூவினால் அது அம்மோனியாவாக மாறாமல், குழாயில் வெள்ளைப் படிகங்களாக இறுகி அடைத்துக்கொள்ளும்.

கரித்துகளுக்கு வடிகட்டி

கரித்துகள் வாயு அல்ல. திறந்த கால்வாய்களில் அது நழுவிப் போய்விடும். அதற்குத் தேன்கூட்டின் கால்வாய்களை ஒன்று விட்டு ஒன்றாக, ஒரு முனையில் அடைத்துவிடுகிறார்கள். புகை நுண்துளைச் சுவரின் ஊடே அடுத்த கால்வாய்க்குப் போயாக வேண்டும். கரி சுவரில் தங்கிவிடும். தரமான வடிகட்டி 90 சதவீதத்துக்கு மேல் துகள்களைப் பிடிக்கும்.

பிடித்த கரியை எரிக்காவிட்டால் வடிகட்டி அடைபட்டு என்ஜின் மூச்சுத் திணறும். கரி ஆக்சிஜனில் எரிய 600 டிகிரி வேண்டும்; டீசல் புகை அவ்வளவு சூடாவது அரிது. இங்கும் வினையூக்கி உதவுகிறது. வடிகட்டிக்கு முன்னால் உள்ள ஆக்சிஜனேற்ற வினையூக்கி, நைட்ரிக் ஆக்சைடின் ஒரு பகுதியை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. இந்த வாயு 250 முதல் 350 டிகிரியிலேயே கரியை எரித்துவிடும். எல்லாக் கருவிகளும் பொருத்தப்பட்ட டீசல் ஜென்செட்டில் வழக்கமான வரிசை இதுதான்: முதலில் ஆக்சிஜனேற்ற வினையூக்கி, அடுத்து கரித்துகள் வடிகட்டி, பிறகு யூரியாத் தூவல், எஸ்.சி.ஆர்., கடைசியில் அம்மோனியாவைப் பிடிக்கும் அடுக்கு. என்ஜின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் மட்டும் எரியாது. குறித்த கால இடைவெளியில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

வினையூக்கியின் எதிரிகள்

வினையூக்கி தேய்வதில்லை என்றாலும் கெட்டுப்போகும். முதல் எதிரி கந்தகம். அது உலோகப் பரப்பைப் பிடித்துக்கொள்வதோடு, ஆக்சிஜனேற்ற வினையூக்கியில் கந்தக டிரை ஆக்சைடாக மாறி, நீரோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து பிசுபிசுப்பான உப்புகளாகப் படியும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நாடு முழுதும் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது; அதற்கு முந்தைய தரத்தில் 50 பங்கு இருந்தது. ஜென்செட்டுகளுக்குக் கடுமையான விதி கொண்டுவர வழி திறந்தது இந்த டீசல்தான்.

இரண்டாவது எதிரி என்ஜின் ஆயில். தேய்மானத்தைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் பாஸ்பரஸ், துத்தநாகச் சேர்மங்கள் கசிந்து எரிந்து, பூச்சின் மேல் கண்ணாடிபோல் படிகின்றன. அதனால் இத்தகைய என்ஜின்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்ற வேண்டும்.

மூன்றாவது எதிரி கழிவுநீரிலிருந்தும் குப்பைக் கிடங்கிலிருந்தும் கிடைக்கும் வாயுவில் வருகிறது. ஷாம்பு, அழகுசாதனப் பொருட்களிலுள்ள சிலிக்கான் சேர்மங்களான சிலாக்ஸேன்கள் இந்த வாயுவில் கலந்து, என்ஜினில் எரிந்து, நுண்மணலாக மாறுகின்றன. அந்த மணல் வினையூக்கியின் நுண்துளைகளை நிரப்பிவிடும். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் உயிரிவாயுவால் மின்சாரம் தயாரிக்கப்படுகிறது. இத்தகைய இடங்களில் வினையூக்கி பொருத்த வேண்டுமானால், முதலில் வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடையும், கிளர்வூட்டிய கரி வழியாகச் செலுத்திச் சிலாக்ஸேனையும் நீக்கியாக வேண்டும்.

நான்காவது, அளவு மீறிய வெப்பம். என்ஜினில் ஒரு ஸ்பார்க் பிளக் பழுதானால் எரியாத வாயு அப்படியே வினையூக்கிக்குள் போய் அங்கே எரியும். வெப்பம் 800 டிகிரியைத் தாண்டினால் உலோகத் துணுக்குகள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். வினை நடக்கும் பரப்பு குறையும். இந்த இழப்பை மீட்க முடியாது. பயன் முடிந்த பெட்டியைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுவதும் தவறு. அதிலுள்ள பிளாட்டினமும் ரோடியமும் மறுசுழற்சியில் மீட்கப்படுகின்றன.

சுமையில்லாமல் ஓடும் ஜெனரேட்டர்

இடைவிடாமல் முழுச் சுமையில் ஓடும் கம்ப்ரசர் என்ஜினில் வினையூக்கிக்குச் சிக்கல் குறைவு. புகை எப்போதும் சூடாக இருக்கும். மின்தடைக்கென வைத்திருக்கும் ஜெனரேட்டரின் நிலைமை வேறு. சோதனைக்காக வாரம் ஒருமுறை சுமையே இல்லாமல் சில நிமிடங்கள் ஓடவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஊதாமல் விட்ட ஈரவிறகு அடுப்பு புகைவதுபோல, குளிர்ந்த எரியறையில் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் ஈரப்பசையாகப் படியும். வினையூக்கி சூடேறுவதற்குள் என்ஜின் நிறுத்தப்பட்டுவிடும். கரி எரியாமல் சேரும். யூரியா தூவலும் தொடங்காது. பிறகொரு நாள் முழுச் சுமை ஏறும்போது சேர்ந்திருந்தது எல்லாம் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டு வடிகட்டியை விரிசலிடச் செய்யலாம். தேவையைவிடப் பெரிய ஜெனரேட்டரை வாங்கி எப்போதும் பத்து, இருபது சதவீதச் சுமையில் ஓட்டுவதாலும் இதே கேடுதான். சோதனை ஓட்டத்தைக் குறைந்தது 30 சதவீதச் சுமையோடு, புகை நன்றாகச் சூடேறும்வரை நடத்துவது நல்லது.

வினையூக்கிப் பெட்டியின் உடல்நலத்தை இரண்டு எளிய அளவீடுகள் சொல்லிவிடும்: உள்ளே நுழையும் புகையின் வெப்பம், பெட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு. அழுத்த வேறுபாடு ஏறினால் அடைப்பு. திடீரென்று குறைந்தால் தேன்கூடு உடைந்து புகை குறுக்கு வழியில் போகிறது என்று பொருள்.

சட்டங்கள்

நிலை என்ஜின்களின் நச்சுப் புகைக்கென அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004-இல் தனி விதி கொண்டுவந்தது. 2010-இல் பழைய என்ஜின்களையும் அதன் கீழ்க் கொண்டுவந்தது. 2004 விதிப்படி ஆக்சிஜன் மிஞ்சும் நான்கு வீச்சு எரிவாயு என்ஜின், கார்பன் மோனாக்சைடை 93 சதவீதம் குறைக்க வேண்டும் அல்லது ஃபார்மால்டிஹைடு வரம்புக்குள் நிற்க வேண்டும். செறிவெரி என்ஜினுக்கு ஃபார்மால்டிஹைடில் 76 சதவீதக் குறைப்பு. பெட்டி பொருத்தினால் போதாது. ஆக்சிஜனேற்ற வினையூக்கிக்குள் நுழையும் புகை 232 முதல் 732 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அழுத்த வேறுபாடு தொடக்க நிலையிலிருந்து 2 அங்குல நீர்மட்டத்துக்கு மேல் மாறக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது.

இந்தியாவில் 800 கிலோவாட் வரையிலான ஜென்செட்டுகளுக்கு 2014 ஜூலை முதல் நடைமுறையில் இருந்த சி.பி.சி.பி. (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) 2 விதியில், 75 கிலோவாட்டுக்கு மேற்பட்டவற்றில் நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்து யூனிட்டுக்கு 4 கிராம், துகள்கள் 0.2 கிராம் வரை போக இடமிருந்தது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சி.பி.சி.பி. 4 பிளஸ் விதி, 56 முதல் 560 கிலோவாட் வரையிலான புதிய ஜென்செட்டுகளுக்கு நைட்ரஜன் ஆக்சைடை 0.40 கிராமாகவும் துகள்களை 0.02 கிராமாகவும் குறைத்தது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. என்ஜினுக்குள் செய்யும் திருத்தங்களால் மட்டும் இந்த எல்லையை எட்டுவது கடினம். இந்தத் திறன் வரம்பிலுள்ள இந்திய ஜென்செட்டுகளில் எஸ்.சி.ஆர். இயல்பான உறுப்பானது இந்த விதியால்தான். பழைய ஜென்செட்டுகளில் பின்னர் பொருத்தும் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் துகள்களில் குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்துள்ளது.

தீர்ப்பவையும் தீர்க்காதவையும்

வினையூக்கி கார்பன் டை ஆக்சைடைக் குறைப்பதில்லை. சொல்லப்போனால் கார்பன் மோனாக்சைடை எரிப்பதன் மூலம் சிறிதளவு கூட்டவே செய்கிறது. புவி வெப்பமாதலுக்கு அது மருந்தல்ல. தெருவிலும் வீட்டிலும் மூச்சோடு உள்ளே போகும் நச்சுகளைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பதே அதன் பணி. அதைச் செய்யும் திறன் அதற்கு இருக்கிறது. ஆனால் அந்தத் திறன் பெட்டிக்குள் மட்டும் இல்லை. சரியான எரிபொருள், சரியான ஆயில், தரமான யூரியாக் கரைசல், போதிய சுமை, பழுதில்லாத உணரி ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் வினையூக்கி வேலை செய்யும். ஜென்செட் வாங்கும் குடியிருப்போர் சங்கமோ தொழிற்கூடமோ விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே, தங்கள் உண்மையான மின்தேவை எவ்வளவு, பராமரிப்பை யார் செய்வார்கள் என்ற இரண்டையும் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.